விரலுக்கு ஓர் ஆமென்

போன கிழமை கிளினிக்குக்கு வந்த ஓட்டோக்கார இளைஞர், நான் விரலை உயர்த்த முதலே தலையை நிமிர்த்திக் கண்ணை மட்டும் தயாராக வைத்துக்கொண்டார். "உந்தச் சோதினையை ஃபோனில பாத்தனான் டொக்டர்" என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

நரம்புக் கோளாறா என்று கண்ணைப் பார்ப்பது பெரிய வித்தையில்லை. ரோச் வெளிச்சம் அடித்தால் கருமணி சுருங்குகிறதா, இமைகள் ஒரே அளவில் திறக்கின்றனவா, விரலை மேலே, கீழே, இடம், வலம் என்று நகர்த்தினால் இரண்டு கண்ணும் சேர்ந்து வருகின்றனவா, அவ்வளவுதான். மூளைக்குள் நடப்பதைக் கண் கோள்மூட்டிவிடும். ஆனால் மேலே, கீழே, இடம், வலம் என்றால் என்ன? சிலுவை! மன்னாருக்கு முதல் வேலைக்குப் போன புதிதில் இது என் மண்டையில் ஏறவில்லை. நான் விரலை உயர்த்துவேன். கரையோரத்துக் கத்தோலிக்கச் சனம் பக்தியாகக் கண்ணை மூடித் தலையைக் குனிந்துவிடும். சுகமில்லாதவர்களுக்குச் சுவாமியார் அப்படித்தானே ஆசீர்வாதம் கொடுப்பார். நானோ யாழ்ப்பாணத்துச் சைவம், நெற்றியில் திருநீறு வேறு. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. தாராபுரத்து முஸ்லிம் காக்காமார்தான் என் விரலை வெறும் விரலாகப் பார்த்தவர்கள்.

கருவாட்டு மணம் வந்தால் இன்றைக்கும் எனக்குத் திரேசக்காவின் நினைவுதான். பேசாலையில் கருவாடு காயப்போட்டு விற்றவர். திடீரென்று வந்த தலையிடி, வலது இமை பாதி இறங்கியிருந்தது. கண்ணில் மண் விழுந்ததாக்கும் என்று சீலைத் தலைப்பால் ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். ரோச்சை அடித்தேன். இடது கருமணி சுருங்கியது. வலது, பெரிதாக விரிந்தபடி அப்படியே நின்றது. மூளையில் ஒரு இரத்தக்குழாய் ஊதிக் கண் நரம்பை அமத்துகிறது போலிருந்தது. அது வெடித்தால் ஆள் தப்புவது கடினம்.

நிச்சயப்படுத்த விரலை உயர்த்தினேன். அக்கா கண்ணை மூடிக் குனிந்து "ஆமென்" என்றார். திரும்ப உயர்த்தினேன். திரும்ப ஆமென். பக்கத்தில் நின்ற தாதி மிஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், எனக்கோ அழுகை வரும் போலிருக்கிறது. கடைசியில் மிஸிதான் பின்னால் போய் அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டு, இது செபம் இல்லை, கண்ணை மூடக்கூடாது என்று விளங்கப்படுத்தினார். வலது கண் மூக்குப் பக்கம் திரும்பவே மாட்டன் என்றது.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். அக்கா அசையவில்லை. "நாளைக்கு மகளுக்குக் கோயில்ல முதல்நன்மை, முதல்முதலா நற்கருணை வாங்கப்போறாள். வெள்ளைச் சட்டை தைச்சு வைச்சிருக்கிறன். அது முடியப் போறன்" என்றார். கெஞ்சினேன், வெருட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை.

"இண்டைக்குப் போகாட்டி நாளைக்கு நீங்கள் இருப்பியளோ தெரியாது அக்கா. பிறகு அந்தச் சட்டையைப் பிள்ளைக்கு ஆர் போட்டுவிடுறது?" என்றேன்.

அவர் முழுதாகத் திறந்திருந்த இடது கண்ணால் என் விரலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப, அந்த விரலால இன்னொருக்காப் போட்டுவிடுங்கோ தம்பி. போறன்."

போட்டேன். மேலே, கீழே, இடம், வலம். சைவப் பிள்ளை போட்ட சிலுவை செல்லுமோ செல்லாதோ, அம்புலன்ஸ் மன்னார்த் தெருக் கழுதைகளை ஹோர்ன் அடித்துக் கலைத்தபடி தீவுப் பாலத்தைத் தாண்டிப் போனது.

அக்கா தப்பினார். மகளுக்கு அந்த நன்மையைப் பிந்தித்தான் கொடுத்தார்கள், அம்மாவைக் கோயில் முன்வாங்கில் இருத்திக்கொண்டு. அதன் பிறகு கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொதி கருவாடு வரும். நான் விரலை உயர்த்துவேன், அவர் குனிவார். ஆமென் முடியும்வரை பொறுத்திருந்துதான் சோதிப்பேன். வயது போய், ஒரு நாள் நித்திரையிலேயே போய்விட்டார். செத்தவீட்டில் நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

இப்போது ஸ்கேன் படம் ஃபோனுக்கே வருகிறது. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் தலையை ஆட்டாமல் விரலைச் சரியாகப் பார்க்கிறார்கள், சோதனையும் கெதியாக முடிந்துவிடுகிறது. நான்தான் பழைய பழக்கத்தில் விரலை உயர்த்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன். ஒருத்தரும் ஆமென் சொல்வதில்லை.