வெட்டாத குதிரை

பக்கத்து வீட்டு அனார்குல் அக்காதான் அன்று லாரியை ஓட்டினார். அவருடைய கணவர் தோகோன் பின்னால், மலைபோல் ஏற்றியிருந்த காய்ந்த புல்லின் உச்சியில் நின்றிருந்தார். புல் சரியாமல் இருக்க ஒருவர் மேலே நின்று கவைக்கோலால் அமுக்கிக்கொண்டே வருவது நாரின் ஆற்றுக்கு மேலே உள்ள எங்கள் ஊர்களில் எல்லோரும் செய்வதுதான். முதல் பனி விழுந்த நவம்பர் காலை. மூடுபனி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மேகத்துக்குள் ஓட்டுவது போல இருந்தது என்று அக்கா பிறகு சொன்னார். சாய்ந்துபோன ஒரு கம்பத்திலிருந்து மின்கம்பி தாழ்ந்து தொங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை. மேலிருந்து சத்தமும் வரவில்லை. ஒரு நீல வெளிச்சம் மட்டும் பனிக்குள் பூப்போல விரிந்து அடங்கியது.

தோகோனின் இரங்கலுக்காக முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். பெண்களோடு உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து அக்கா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, மின்வாரியத்தின் வட்டார அதிகாரியும் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேன் மக்சூத்தும் வந்தார்கள். சாவு வீட்டுக்கு வரும் எங்கள் ஆண்கள் அழுவது போலவே வாசலில் இருந்தே உரக்க அழுதுகொண்டு வந்தார்கள். கூடவே கொழுத்த ஒரு பெட்டைக் குதிரையையும் இழுத்து வந்திருந்தார்கள். சாவுக்குக் காரணமானவர் கொண்டுவரும் குதிரையை வெட்டி, அந்தக் கறியை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து உண்டால் பகை தீர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஆனால் அதிகாரி அவசரத்தில் வாங்கிய குதிரை அது. தோகோனின் அண்ணன் துய்ஷோன் கத்தியோடு குனிந்து, அதன் வயிற்றில் கையை வைத்தவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

“சினையா இருக்கு. இத வெட்டக் கூடாது” என்றார். சந்தைக்குக் கண்ணை வீட்டில் வைத்துவிட்டுப் போனாரா என்று அதிகாரியைப் பார்த்து யாரோ முணுமுணுத்தார்கள். கடைசியில் அன்றைய சாவு விருந்துக்கு வீட்டுக் குதிரையையே வெட்டினார்கள். வந்த குதிரை குட்டி போடட்டும், ஆண்டு நினைவு விருந்துக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். குளிர்காலம் முழுவதும் அது அக்காவின் முற்றத்தில் மூச்சுப் புகையை விட்டுக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். மாவட்ட ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் அக்கா அங்கே வந்தார். இப்படிப்பட்ட சாவுக்குக் குடும்பம் என்னென்ன கேட்கலாம் என்று படித்ததையெல்லாம் சொன்னேன்: அடக்கச் செலவு, பிள்ளைகள் வளரும்வரை அப்பாவின் சம்பாத்தியத்தில் வந்திருக்க வேண்டிய பங்கு, மனவேதனைக்கு ஈடு. அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அவரு கவனமில்லாம நின்னாருன்னு மின்வாரியத்துக்காரங்க எழுதியிருக்காங்க. ஓட்டினவ பாத்து ஓட்டலைன்னும் எழுதியிருக்காங்க. அப்படி இல்லன்னு சொல்லச் சொல்லிக் கேக்க முடியுமா?”

தனியாக அப்படி ஒரு கோரிக்கை கிடையாது என்றேன். யார் தவறு என்று தீர்மானிக்காமல் மற்ற எதற்குமே போக முடியாது, ஆகவே அந்தக் கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் என்றும் சொன்னேன். சொன்ன பிறகு, நான் சட்டத்தைச் சொல்கிறேனா இல்லை அவருக்கு ஆறுதல் தேடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

“அப்போ அத மட்டும் பெருசா எழுது” என்றார்.

தினமும் விடியும் முன் அதே கனவு அவருக்கு வந்தது. லாரி பனிக்குள் போய்க்கொண்டே இருக்கும். மேலே தோகோன் புல்லில் மல்லாந்து படுத்து ஏதோ பேசிக்கொண்டு வருவார். வார்த்தை புரியாது. கையில் ஸ்டியரிங் சக்கரம் மட்டும் பாரமாகிக்கொண்டே போகும்.

மனு போன சேதி ஊரில் பரவியதும் துய்ஷோனுக்குக் கோபம் வந்தது. வழக்குப் போட்டால் மக்சூத்தின் முகத்தில் எப்படி முழிப்பது, அவனும் நம்ம ஊர்ப் பையன்தானே என்று முற்றத்தில் வந்து நின்று பேசினார்.

“குதிரைய வாங்கிக் கட்டிட்டோம். இப்ப கோர்ட்டுக்குப் போனா ஊரு சிரிக்காதாம்மா?”

“வாங்கினது நீங்க, மாமா. நான் உள்ள அழுதுட்டிருந்தேன்.”

“நாளைக்கு உன் வீட்டு விளக்கு அணைஞ்சா யாரக் கூப்பிடுவ? அவனத்தான் கூப்பிடணும்.”

“மெழுகுவத்தி இருக்கு.”

அதோடு அவர் அக்காவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். மின்வாரியத்து வக்கீலும் அதையேதான் எழுதி அனுப்பினார்: வழக்கப்படி குதிரை ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஆகவே விவகாரம் முடிந்தது. நான் அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“இன்னும் வெட்டலையே” என்றார்.

மே மாதம் குதிரை குட்டி போட்டது. மெலிந்த காலும் நட்சத்திர நெற்றியுமாக ஒரு பெண்குட்டி. அதற்குக் கால் உறுதிப்பட்டதும் ஒரு நாள் அக்கா தாய்க் குதிரையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் கூடப் போனேன். ஆற்றோரம் முழுவதும் காட்டு வெங்காயம் பூத்திருந்தது. பனி உருகிய தண்ணீர் பாதையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. குட்டி ஒவ்வொரு ஓடையிலும் தயங்கி, தன் நிழலை மோந்து பார்த்துவிட்டுத் தாவியது. அவரவர் வாசலில் நின்று ஆட்கள் பார்த்தார்கள். ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வாங்கிய குதிரையைத் திருப்பிக் கொண்டுபோனால் பகை தீரவில்லை என்று அர்த்தம்; எங்களில் எல்லோருக்கும் அது தெரியும். நடந்து நடந்து எனக்கு உடம்பே இல்லாதது போலிருந்தது. அந்த வெளிச்சத்தில் குதிரை எங்களை இழுத்துப் போவதாகத் தோன்றியது.

மின்வாரிய அலுவலக வாசல் கம்பியில் அக்கா கயிற்றைக் கட்டினார். அதிகாரி வெளியே வந்து, இதென்ன அவமரியாதை, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்டார்.

“பால் கறங்க. ஒண்ணு கொடுத்தீங்க, ரெண்டா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பினார்.

அலுவலக ஓரத்தில் கம்பிச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மக்சூத் நின்றிருந்தான். குதிரையைப் பார்த்தான், குட்டியைப் பார்த்தான். ஆண்டு விருந்தில் அந்தக் கறியில் ஒரு துண்டு கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று குளிர்காலம் முழுவதும் காத்திருந்தவன் அவன். இனி அந்த விருந்து இல்லை. சுருளை மெதுவாகத் தரையில் வைத்தான்.

ஜூன் மாத விசாரணையில் அவன்தான் எழுந்து சொன்னான். கம்பம் சாய்ந்திருப்பதைக் கோடையிலேயே அதிகாரியிடம் சொன்னதாகவும், புல் இறக்கும் காலத்துக்கு முன் நிமிர்த்திவிடலாம் என்று பதில் வந்ததாகவும், தானும் பிறகு கேட்காமல் விட்டதாகவும் சொன்னான். அதிகாரி எழுந்து மறுத்தார். வேறு இரண்டு லைன்மேன்களும் மக்சூத் சொன்னது நிஜம்தான் என்றார்கள். மக்சூத் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு நாளில் நீதிபதியம்மா சலிப்பான குரலில் வாசித்தார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இவ்வளவு என்று விதித்தார், சிலவற்றைக் குறைத்தார். இடையில் ஒரு வாக்கியம் வந்தது: கம்பி இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை; இறந்தவர் மீதோ வாகனத்தை ஓட்டியவர் மீதோ தவறு காணப்படவில்லை. வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

வெளியே பாப்ளர் மரங்களின் பஞ்சு காற்றில் மிதந்துகொண்டிருந்தது. படியில் உட்கார்ந்த அக்கா அந்த வாக்கியத்தை என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு முறை கேட்டார். அதையும் சொன்னேன். என் வாயிலிருந்து வரும்போது அது வெறும் பாடம்போல் இருந்தது. படித்த எதுவும் அந்த இடத்தில் உதவவில்லை.

“அப்போ நான் ஓட்டினதால இல்லையா?” என்று அவர் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டது போலத் தெரியவில்லை.

பின்னால் நின்றிருந்த துய்ஷோன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். வசந்தத்தில் பேச்சை நிறுத்திய பிறகு அவர் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“இல்லம்மா” என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பஞ்சு அவருடைய தலைத்துணி மேலும் மடியிலும் வந்து விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.