மூன்று முறை கெட்டுப்போன எலும்புச் செல்கள்

சில வருடங்களுக்கு முன், மும்பையில் மழை பேயாய் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதம். செம்பூரில் வீடு. முனைவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வகத்தில் எலும்பு வளர்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், வேலையே அதுதான். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அதுபோல கால்சியமும் கொலாஜன் என்ற புரதமும் கலந்து, பஞ்சு மாதிரி துளைகள் உள்ள ஒரு சின்னத் துண்டு செய்வோம். அதில் மனித செல்களை விதைத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டரில் மூன்று வாரம் வைத்தால், அவை துளைகளுக்குள் புகுந்து எலும்பாக மாறத் தொடங்கும்.

மூன்று வாரமா? எனக்கு நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. திங்கட்கிழமை விதைத்தால் வியாழக்கிழமை செல்கள் ஊறும் சத்துத் திரவம் கலங்கியிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மொட்டு விட்ட குட்டி உருண்டைகள். ஈஸ்ட். எல்லாவற்றையும் பிளீச்சில் கொட்டி, இன்குபேட்டரைத் துடைத்துத் துடைத்தே கைத் தோல் உரிந்தது. இரண்டாம் முறையும் அதே கதை. எனக்குக் கைப்பக்குவம் போதாது என்று பேராசிரியர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்!

அதை யார் மேலாவது காட்ட வேண்டுமே. ஆய்வகத்தில் ஐம்பது வயது உதவியாளர் ஒருவர் இருந்தார். தாராவியிலிருந்து வருபவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஒப்பந்த வேலை. இன்குபேட்டருக்குள் ஈரப்பதத்துக்காக ஒரு தட்டில் சுத்திகரித்த நீர் இருக்கும். அதை மாற்றுவது அவர் பொறுப்பு. சோம்பல்பட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார் என்று நானே முடிவு கட்டினேன். பார்த்தேனா? இல்லை. ஆனால் பார்த்ததுபோலவே எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் உதவியாளரைக் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தை நீட்டிப்பது சந்தேகம் என்றும் காதில் விழுந்தது. எனக்கு உறுத்தவே இல்லை.

புது ஆள் வந்தார். அவர் தண்ணீர் மாற்றுவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வியாழக்கிழமை மறுபடியும் ஈஸ்ட். உறைய வைத்திருந்த செல்களில் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம்.

உலகத்தையே திட்டிக்கொண்டு பிளீச் வாங்க ஸ்டோருக்குப் போனேன். கேனை எடுத்துக் கொடுத்த அதே உதவியாளர் மெதுவாகச் சொன்னார்: "இந்த வெள்ளக் கோட்ட வீட்டுல தொவச்சுக் காயப்போடுதீய போலுக்கு மேடம். திங்கக்கெழம நீங்க வந்தாலே புளிச்ச மாவு வாட அடிக்கும். எங்க வீட்ல மாவு யாவாரம்தான, எனக்குத் தெரியும்."

மழைக்காலத்தில் ஆய்வகச் சலவைக்குப் போட்டால் கோட்டு வர ஒரு வாரம் ஆகும். அதனால் ஞாயிறுதோறும் வீட்டில் துவைத்து, சமையலறைக் கொடியில் போடுவேன். கீழே தோசை மாவுப் பாத்திரம். உப்புப் போட்டு நான் கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கை. கரைத்த கையோடு, கோட்டு காய்ந்ததா என்று வேறு தொட்டுப் பார்ப்பேன். அங்கேயே குனிந்து பார்த்தேன். கோட்டின் கை நுனியில் வெள்ளையாகக் காய்ந்த மாவுப் பொருக்கு, ஈஸ்ட் குடியிருக்கும் புளித்த மாவு. கையுறைக்கு மேல் அந்த நுனிதான் மூன்று முறையும் செல்களுக்கு மேலே உரசிக்கொண்டிருந்தது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதும் என் குரலில் எரிச்சல் போகவில்லை.

"நீங்க கேக்கலயே மேடம். நேரா எழுதில்லா குடுத்துட்டீய."

அவர்மேல் தப்பில்லை, தப்பு என் கோட்டில்தான் என்று அன்றே பேராசிரியருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன், இருக்கட்டும் என்றார். ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். ஆனால் மேல்தளத்துக்கு அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை, அங்கேதான் புது ஆள் வந்துவிட்டாரே. கடைசிக் குப்பிச் செல்கள் மூன்று வாரமும் கெடாமல் வளர்ந்தன. பட்டமும் வாங்கி, அதே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறேன். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், செல்லெல்லாம் நல்லாயிருக்கா மேடம் என்று விசாரிக்கிறார். குத்திக்காட்டுவதற்குக் கேட்டால்கூடப் பரவாயில்லை, அக்கறையாகக் கேட்கிறார், அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.