வறுத்த ஹொப்ஸ்

பத்து வருடம் ஒரே பஸ் கராஜில் வேலை செய்தும் ஒரு நோர்வேக்காரன்கூட என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்ற கோபம் எனக்கு இருந்தது. "நீங்கள் ஆரையாவது கூப்பிட்டனீங்களோ?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அது வேறு கதை என்று சொன்னேன். என்ன வேறு கதை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பிரேக் திருத்தும் பகுதியில் என்னோடு வேலை செய்த ஒருவன் வீட்டில் பியர் காய்ச்சுவான். கராஜில் இன்னும் இரண்டு பேர் காய்ச்சுவார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் லில்லெஸ்ட்ரோமில் அவன் வீட்டில் கூடி, ஒவ்வொருவரும் கொண்டுவந்த போத்தல்களைத் திறந்து குடித்துப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை கோப்பி நேரத்தில் அந்தக் கதைதான் ஓடும். நான் தள்ளி இருந்து என் பாணைக் கடித்துக்கொண்டு கேட்பேன். ஒரு திங்கள் பொறுக்க முடியாமல், "இதென்ன பெரிய வேலையோ? நானும் காய்ச்சுவன்" என்று சொல்லிவிட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "காய்ச்சு. காய்ச்சினால் என்ர வீட்டுக்குக் கொண்டு வா" என்றான்.

பத்து வருடத்தில் முதல் அழைப்பு அது. எனக்குப் பியரில் அப்படியொன்றும் ஆசை இல்லை. அந்த வீட்டுக்குள் போகவேண்டும், அவ்வளவுதான்.

செய்முறையை அவனே ஒரு பழைய ஓடர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான். பார்லி மோல்ட் பாகைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் போட்டு, வாளியை மூடி வைக்கவேண்டும். பத்து லீற்றர். ஸ்டோவ்னரில் எங்கள் வீட்டுக் குளியலறை நிலம் சூடாக இருக்கும் என்பதால் வாளியை அங்கே வைத்தேன். ஒரு கிழமை அது புளுக் புளுக் என்று மூச்சு விட்டது. குளிக்கப் போன மனைவி, "உள்ளுக்கை ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்று திரும்பி வந்தாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

கடைசி வரியில்தான் பிழை விட்டேன். ஹொப்ஸ் என்பது பியருக்குப் போடும் ஒரு கொடியின் பூ. கொதிக்கும்போது போட்டால் கசப்பு வரும். நொதித்து முடிந்த பிறகு, அடுப்பே காட்டாமல், அப்படியே துணிப்பையில் கட்டிப் போட்டால் வாசம் வரும். ஐந்து நாள் மூடி வைக்கவேண்டும், திறக்கக்கூடாது. அவன் அதைத் தெளிவாகத்தான் எழுதியிருந்தான். "திறக்கக்கூடாது" என்பதன் கீழே கோடும் போட்டிருந்தான்.

தபாலில் வந்த பையைப் பிரித்தால் பச்சைப் பச்சையாகக் காய்ந்த பூக்கள். எந்தத் தோட்டத்தில் எந்த மண்ணில் கிடந்ததோ. இதைக் கழுவாமல், காய்ச்சாமல், குடிக்கிற சாமானுக்குள் போடுவதா? எனக்கு மனம் கேட்கவில்லை. தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

"அந்தாள் வறுக்கச் சொல்லி எழுதியிருக்கோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை."

"பிறகேன் வறுக்கிறியள்?"

"நீர் எதையாவது வறுக்காமல் போடுறனீரோ? மல்லி வறுக்கிறீர், சீரகம் வறுக்கிறீர், கறிவேப்பிலையைக் கூட வறுக்கிறீர். வறுத்தால்தானே வாசம் வரும்."

"தூளுக்கு வறுக்கிறதும் இதுவும் ஒண்டோ?"

"உப்பில்லாமல் கிழங்கு அவிச்சுத் தின்னுறவங்களுக்கு வாசத்தைப் பற்றி என்ன தெரியும்? பேசாமல் இரும்."

அவள் மிளகாய் வறுக்கும் நாட்களில் செய்வதுபோல, கதிரையில் ஏறிப் புகை மணியின் பற்றரியைக் கழற்றி வைத்தாள்.

வாசம் வந்தது. பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு வாசம். தோடம்பழத் தோலை நசித்தது போலவும் பைன் மரப் பிசின் போலவும் வீடு முழுக்கப் பரவி, ஜக்கெட்டுகளில் ஏறி, படுக்கையறைத் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொண்டது. "பாத்தீரோ!" என்று அகப்பையை ஆட்டினேன். "வீட்டுக்கு வந்திட்டுது" என்றாள் மனைவி. "வாளிக்கு ஏதும் மிஞ்சுமோ?"

எனக்கு அந்த இடத்தில் உறைத்திருக்க வேண்டும். ஒரு வேலைக்குள் இறங்கிவிட்டால் எனக்கு எதுவும் உறைப்பதில்லை. பூக்கள் பழுப்பாகி, ஓரம் கருகிய பிறகுதான் இறக்கினேன். கையால் நொறுக்கி, சுடுதண்ணீரில் அவித்த துணியில் கட்டி, வாளிக்குள் இறக்கினேன். ஐந்து நாளும் காலையும் மாலையும் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஒரு நாள் அகப்பையால் கிண்டியும் விட்டேன். அடுப்பில் இருக்கிற கறியை ஆராவது பார்க்காமல் விடுவார்களா?

போத்தலில் அடைக்கும்போது ஒரு வாய் குடித்தேன். நன்றாக இல்லை. இன்னும் பச்சைப் பியர், இரண்டு கிழமை கிடந்தால் சரிவரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கறுப்புத் துகள்கள் மிதந்தன. அவை அடியில் படியும் என்றும் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து, அவர்கள் கூடும் சனிக்கிழமை ஆறு போத்தலோடு ரயில் ஏறினேன். பை கிணுகிணுத்தது. எதிரே இருந்த கிழவி ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள். அவளிலும் கோபம் வந்தது.

அவன் வீட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு மேசைக்கு முன்னால் மற்ற இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தேன். முதல் போத்தல் என்னுடையது. நான்கு கிளாசில் ஊற்றினான். நிறம் தேத்தண்ணி மாதிரி இருந்தது. குடித்தார்கள். ஒருவன் சுவரைப் பார்த்தான். மற்றவன் நாக்கில் இருந்த துகளை விரலால் எடுத்துவிட்டு, "வித்தியாசமாய் இருக்கு" என்றான்.

நோர்வேக்காரன் ஒரு சாமானை வித்தியாசம் என்று சொன்னால் அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"கூடாதெண்டால் கூடாதெண்டு சொல்லுங்கோவன்! பத்து வருஷமாய் உங்கட இந்த மரியாதையைப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

வீட்டுக்காரன் கிளாசை வைத்தான். "சரி. சாம்பல்தட்டைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. ஹொப்ஸை என்ன செய்தாய்?"

"வறுத்தனான்."

"என்ன செய்தாய்?"

"வறுத்தனான்! தாச்சியிலை!"

துகள் எடுத்தவனுக்கு மூக்கு வழியாகப் பியர் வந்தது. சுவரைப் பார்த்தவன் மேசையில் தலையை வைத்துக் குலுங்கினான். நான் எழும்பி, கதிரையைத் தள்ளிவிட்டு வெளிக் கதவுக்குப் போனேன். கோபத்தில் வெளியேறுகிறவன் இந்த நாட்டில் முதலில் சப்பாத்துப் போடவேண்டும். என்னுடையது பனிக்காலச் சப்பாத்து, எட்டு ஓட்டைக்குள்ளாலும் லேஸ் கோர்க்கவேண்டும். வலது காலில் நாலாவது ஓட்டையில் நிற்கும்போது வீட்டுக்காரன் வந்து என் பக்கத்தில் குந்தினான்.

"ஏன் வறுத்தாய்?" சிரிக்காமல்தான் கேட்டான்.

குனிந்தபடியே சொன்னேன். மல்லி, சீரகம், தூள், கருகினால் என்ன நடக்கும், இளம் பதம் என்றால் என்ன. ஐந்து நிமிடமாவது சொல்லியிருப்பேன். பிரேக் தவிர வேறு விஷயம் அவனோடு இவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான்.

"அப்ப அந்த வாசமெல்லாம் எங்கை போச்சு?"

"திரைச்சீலையிலை" என்றேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு கீழை வா."

நிலக்கீழ் அறையில் அவனுடைய வாளி இருந்தது. என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. ஒரு கிண்ணத்தில் ஹொப்ஸ், இது அரைத்து உருட்டிக் குழல் குழலாக அழுத்தியது. கிண்ணத்தை என் கையில் தந்தான்.

"போடு."

"உன்ரையையும் பழுதாக்கிப்போடுவன்."

"இஞ்சை அடுப்பில்லை. போடு."

என் கை உண்மையிலேயே தயங்கியது. கழுவவில்லை, சுடவில்லை. மனது கேட்காமலே கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினேன். அதுவும் பிழை. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிருக்க வேண்டும். பச்சை நுரை பால் பொங்குவதுபோல் எழும்பி விளிம்பைத் தாண்டியது. "மூடு! மூடு!" என்று அவன் கத்தினான். நான் மூடியை அமத்திக்கொண்டு அதற்கு மேல் குனிந்து படுத்தேன். இரண்டு காலுறையும் தொப்பலாய் நனைந்தன. மேலே நின்ற இரண்டு பேரும் படியில் இறங்கி வந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் சிரிக்கத் தொடங்கினார்கள். இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவன் துணி கொண்டுவந்து நிலத்தைத் துடைத்தான். "அஞ்சு நாள் ஒருத்தரும் திறக்கக்கூடாது" என்றான். "வியாழக்கிழமை போத்தலிலை அடைக்கவேணும். தனிய ஏலாது. வாறியோ?"

"அஞ்சு மணிக்கு வருவன்" என்றேன். அதுவும் சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில்தான் வந்தது. எனக்கு வேறு குரல் இல்லை.