பூட்டுக் கழற்றிய போன்

அண்ணிக்குத் தினமும் வங்கியில் திருடுவதுதான் வேலை. அந்த வங்கிக்குக் கட்டடமும் கிடையாது, பணமும் கிடையாது. செயலிகளின் பாதுகாப்பைச் சோதித்துப் பழகுகிறவர்களுக்காக, வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த போன் செயலி அது. முதல் நாள் யாரோ ஒருவரின் கடவுச்சொல்லைத் திரையில் எடுத்துக் காட்டினார். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

"பயப்படாத, இது பொம்மை பேங்க். யார் வேணா கொள்ளையடிக்கலாம்."

அண்ணி முன்பு ஒரு பெரிய கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே இயந்திரம் வந்து வேலை போன பிறகு சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவருக்கு. மறுபக்கம் நான் காய் நறுக்குவேன். ஓட்டை கிடைத்தால் அண்ணி சத்தம் போட மாட்டார். நாற்காலியில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வார். எனக்குப் புரிந்துவிடும்.

செயலிக்குள் புகுந்து பார்க்க வசதியாகத் தன் ஒரே போனில் தயாரித்த கம்பெனி போட்டிருந்த உள்பூட்டைக் கழற்றி வைத்திருந்தார். அப்படிப்பட்ட போனை நிஜச் செயலிகள் நம்புவதில்லை. திறக்கவே மறுக்கும்.

கடைசித் தேர்வுக்குப் புதிதாக ஒரு ஓட்டைச் செயலி வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும்; தேறினால் ஒரு நிறுவனத்தில் வேலை. வியாழன் சாயங்காலம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பூட்டுக் கழற்றிய போனைக் கண்டதும் மறுக்கிறதே, அந்தக் காவலை ஏமாற்றிக் காட்ட வேண்டும்.

அப்போது அண்ணன் வந்தார். பார்சல் கொடுக்கும் வேலை அவருக்கு. போனை மாடிப்படியில் போட்டு உடைத்து, கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். திரும்பக் கிடைக்க இரண்டு நாளாகுமாம். அன்று ராத்திரிக்குள் வேறு போனில் பார்சல் செயலியைத் திறக்காவிட்டால், மறுநாள் அவருடைய தெருக்கள் வேறொருவருக்குப் போய்விடும். என்னிடம் இருப்பதோ பொத்தான் போன்.

அண்ணியின் போனில் பார்சல் செயலியை ஏற்றிப் பார்த்தார். இந்தப் போனில் இயங்காது என்று வந்தது.

"இதுவும் என்னை நம்ப மாட்டேங்குது. போன வாரம் அந்த பொம்மை பேங்க் இப்படித்தான மொறச்சுது? அதை ஏமாத்துனல்ல, இதையும் ஏமாத்து."

"அது ஏமாத்திப் பாருன்னு குடுத்தது. இது உங்க கம்பெனியோடது. இதைச் சோதிக்கச் சொல்லி என்னை யாரும் கேக்கல."

"நான் என்ன திருடவா போறேன்? பார்சல் குடுக்கத்தான."

"தெரியுது. கண்டுபிடிச்சா உங்க கணக்கத்தான் மூடுவாங்க. எனக்கும் இந்த வேலையில எவனும் கதவத் தொறக்க மாட்டான்."

"நல்லா சட்டம் பேசு. நாளைக்கு வாசல்ல நின்னு கையை ஆட்டுறேன், பார்சல் எல்லாம் தானா போய்ச் சேரட்டும்." அண்ணன் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

அண்ணி போனை எடுத்தார். அறிக்கைக்காக அதுவரை எடுத்த படங்களை மடிக்கணினிக்கு மாற்றினார். பிறகு போனில் இருந்ததையெல்லாம் அழித்து, பழையபடி பூட்டினார். எந்த மொழி வேண்டும் என்று அது புதுப் போன் மாதிரி கேட்டது.

"இந்தாங்க. இதையாவது கீழ போடாதீங்க."

"உன்னோடது முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

அண்ணன் வாங்கிக்கொண்டார்.

அறிக்கையில் அந்தக் கடைசி இடத்தில், "சோதிக்கவில்லை. போன் வீட்டுத் தேவைக்குப் போய்விட்டது" என்று எழுதி அனுப்பினார். நானாக இருந்தால் ஏதாவது பெரிய காரணம் எழுதியிருப்பேன். ஒரு வாரம் கழித்து, அண்ணனின் போன் சரியாகி வந்த பிறகு, பதில் வந்தது. அறிக்கை முழுமையாக இல்லை, அடுத்த குழுவோடு தேர்வை மறுபடி எழுதலாம் என்று. சாப்பிடும்போது அண்ணி அதைப் படித்துக் காட்டினார்.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து, அண்ணியின் போனை எடுத்தார்.

"மறுபடி பூட்டைக் கழட்டணும்னா எங்க அமுக்கணும்?"

"எல்லாம் அழிஞ்சிரும். உங்களோடது ஏதாவது இருக்கா அதுல?"

"நேத்து எடுத்த என் போட்டோ ஒண்ணு இருக்கு."

"அது போனாப் போகுது," என்று அண்ணி இடத்தைக் காட்டினார். அண்ணனே அமுக்கினார்.