எங்கள் ராணிக்கு வராத மெடல்

ஆம்பூரில் தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் ஒரே ஒரு ராணிதான். அந்த ராணி ஓர் ஆண். முப்பது வயதைத் தாண்டியவர், ஓயாமல் வெற்றிலை போடுவார், பகலில் பார்த்தால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைப் போல இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை பாலாற்றங்கரையில் கொட்டகை போடும் நாடகக் கம்பெனியில் அவர் பெண்வேடம் கட்டினார். அவருக்கு நான் செய்த கெடுதலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது. சினிமா இன்னும் பேசத் தொடங்காத காலம்.

பிள்ளையைப் பறிகொடுத்த ராணி புலம்பும் கட்டத்துக்காகவே ஜனங்கள் வருவார்கள். ஒருமுறை அந்தக் கட்டத்தில் முன்வரிசை நாற்காலிக்காரர் ஒருவர், செண்டு போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இந்தத் தரை டிக்கெட்டுங்களத் தள்ளி உக்காரச் சொல்லுங்கய்யா, நாத்தம் தாங்கல" என்று உரக்கச் சொன்னார். தரையில் இருந்தவர்கள் முழுக்கத் தொட்டிக்காரர்கள். பாட்டு நின்றது. ராணி மேடையை விட்டு இறங்கினார். நேராகத் தரைக்கு வந்து, என் மாமாவை ஒட்டி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து புலம்பலை எடுத்தார். அவருடைய கண்ணீர் முகப்பூச்சில் கோடு போட்டு இறங்கியதை நான் ஒரு முழத் தூரத்தில் பார்த்தேன். கைக்குட்டைக்காரரும் அழுதார், அதையும் சொல்லவேண்டும்.

மறுநாள் முதல் தோலை மிதிக்கும்போது அந்தப் புலம்பலைத்தான் பாடினார்கள். மாமாவுக்கு ராகம் வராது. அவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும்.

அடுத்த வருஷம் தோல் மண்டி சாயபு ஒருவர் சிறந்த நடிகருக்குத் தங்க மெடல் தருவதாக அறிவித்தார். முதலில் நாலு பேருடைய பெயரைப் பட்டியல் போட்டு ஒட்டுவார்கள். கடைசி நாள் அவர்களில் ஒருவருக்கு மெடல். ஒருவர் பெயர் பட்டியலில் ஏற, நாடகம் பார்த்த நூறு பேர் கையெழுத்தோ ரேகையோ வைத்த விண்ணப்பம் வேண்டும். எங்கள் ராணிக்கு அது வெறும் நகையாக இருந்திருக்காது. அவர் குரல் தடிக்க ஆரம்பித்திருந்தது. கம்பெனி முதலாளி ஒரு விடலைப் பையனுக்கு ராணி வேஷத்தைப் பழக்குகிறார் என்று ஊரே பேசியது. மெடல் வாங்கினவரிடமிருந்து எந்த முதலாளியும் வேஷத்தைப் பிடுங்கமாட்டார்.

மாமா என்னைத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். "மாப்ள, நீதான் எழுதணும். நம்ம தெருவுல பெரிய ஸ்கூலுக்குப் போறவன் நீ ஒருத்தன்தான்."

"இன்னான்னு எழுதறது மாமா?"

"எங்க ராணி மாரி அழறதுக்குப் பெத்த தாயால கூட ஆவாதுன்னு எழுது."

"இத உம் பொண்டாட்டி கேட்டா, ராவுக்குச் சோறு கம்மிதான்டா உனக்கு" என்றார் குழியில் நின்ற ஒருவர்.

ரேகை வைக்க மை இல்லை. மாமா கடுக்காய்த் தண்ணீரைத் துருப்பிடித்த கத்தியில் விட்டுத் தேய்த்தார். கருகருவென்று மை இறங்கியது. ஒவ்வொருவராகக் குழியிலிருந்து ஏறி, ஈரக் கையை வேட்டியில் துடைத்து, என்னவோ சத்தியம் செய்வதுபோலக் கட்டைவிரலை ஊன்றினார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேர். முடிந்தபோது காகிதம் பழுப்பேறி, தொட்டியில் போடும் ஆவாரம்பட்டையும் பச்சைத் தோலும் கலந்த வாசனையில் ஊறிப்போயிருந்தது.

பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் திட்டியதில்லை. பக்கத்தில் வரும்போது மூச்சை மட்டும் அடக்கிக்கொள்வார்கள். அந்தக் காகிதத்தைப் பெரிய மனிதர் கையில் கொடுப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது.

ஆகவே மறுநாள் வெள்ளைக் காகிதம் வாங்கி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, விண்ணப்பத்தை முத்து முத்தாக நகல் எடுத்தேன். எல்லாப் பெயர்களையும் நானே எழுதினேன். ரேகைகளுக்குப் பள்ளிக்கூட மையில் என் பத்து விரல்களையும் மாற்றி மாற்றித் தோய்த்தேன். அவை போதாமல் கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக்கொண்டேன். அசல் காகிதத்தைப் பாலாற்று மணலில் புதைத்தேன். ராணிக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

சாயபு மண்டியில் தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "யார் குடுத்தது தம்பி?"

"தொட்டிக்காரங்க சாயபு."

"அல்லாரும் அவங்க அவங்க கையால வச்சதா?"

"ஆமாங்க."

அவர் காகிதத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். புரட்டிப் பின்பக்கத்தையும் முகர்ந்தார். முகம் சுண்டிவிட்டது. "சரி, நீ போ" என்று சொல்லி, மற்ற விண்ணப்பங்களோடு வைக்காமல் தனியே போட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. என் கை வழியாக அந்த நாற்றம் புதுக் காகிதத்திலும் ஏறிவிட்டது. நான் நேரே ஆற்றுக்கு ஓடினேன்.

நாலாம் நாள் கொட்டகை வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். தொட்டிக்காரர்கள் வேலையை விட்டுத் திரண்டு வந்து, என்னைத் தூக்கிப் பிடித்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன்.

"சரியாப் பார்றா. இன்னொரு தபா படி."

மூன்று தடவை படித்தேன். ராணி பெயர் இல்லை.

"பபூன் பேரு கூட கீது! குட்டிக்கரணம் போடறவனுக்கு மெடலாம், நம்மள அழ வச்சவருக்கு ஒண்ணியும் இல்லியாம்!"

மாமா மட்டும் கத்தவில்லை. "நம்ம கை பட்ட காயிதம் அவங்களுக்கு நாறுதுடா" என்றார் மெதுவாக.

எல்லோரும் ஒரு சாமந்தி மாலையை வாங்கிக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போனோம். ராணி தரையில் உட்கார்ந்து கிழிந்த ரவிக்கைக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்தார். சேதி அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஊசியைப் பத்திரமாகத் துணியில் குத்திவிட்டு எழுந்தார்.

"மெடல் போனாப் போவுது. நூறு பேரு எனக்காக ரேகை வச்சீங்களாமே? சாயபுகிட்ட கேட்டு அந்தக் காயிதத்த வாங்கிக் குடுங்க. அது எனக்கு வேணும்."

"எழுதினது எங்க மாப்ளதான்" என்று மாமா என்னை முன்னால் தள்ளினார். ராணி என் தலையில் கை வைத்தார். அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓடிப்போய் இருட்டும் வரை மணலைத் தோண்டினேன்; எந்த இடம் என்று அடையாளம் வைத்திருக்கவில்லை. மண்டிக்குப் போன மாமாவிடம், காகிதத்தை எறிந்தாயிற்று என்று சொல்லியனுப்பினார்கள்.

மறுவருஷம் எங்கள் ராணி தாதியாக வந்தார். இரண்டே வசனம். தரை டிக்கெட் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. அவர் தாதிக்குரிய குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. வேஷம் கலையக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. அதற்கடுத்த வருஷம் அவர் கம்பெனியோடு வரவில்லை.

படிப்பு முடிந்து நான் அதே மண்டியில் கணக்கெழுதச் சேர்ந்தேன். ஒரு நாள் சாயபு வழக்கம்போல ஒவ்வொரு தோலாக எடுத்து முகர்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் பழைய மெடல் விஷயம் வந்தது.

"அந்த ராணிக்குத்தான் குடுக்கணும்னு எனக்கு ஆசை. ஆனா தொட்டிக்காரங்க பேர்ல வந்துச்சே ஒரு காயிதம், அதுல பட்டை வாசனை துளி கூட இல்ல. நூறு தொட்டிக்காரன் கை வச்சா அப்பிடியா இருக்கும்? ஒரே ஆளு உக்காந்து பண்ண ஃபோர்ஜரி. தோல்காரன் மூக்கையே ஏமாத்தப் பாத்தானுங்க."

நான் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் சொல்ல அதற்குப் பிறகும் பல வருஷங்கள் இருந்தன. தங்கள் கை நாறியதால்தான் ராணியின் வாழ்வு போயிற்று என்று நம்பியே அவர் கண்ணை மூடினார்.

அன்று மண்டியிலிருந்து ஓடிய பையனை நினைத்துப் பார்க்கிறேன். பாலாற்று ஊற்றருகே மண்டியிட்டு, மணலை அள்ளி அள்ளி உள்ளங்கையைத் தேய்க்கிறான். தோல் சிவந்து எரிகிறது. முகர்ந்து பார்க்கிறான். இன்னும் இருக்கிறது என்று அழுதுகொண்டே, மறுபடியும் மணலை அள்ளுகிறான்.