கண்ணாடித் தொட்டிக்குள் கொஞ்சம் சேறு

நேற்று ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது, மறந்துபோன மாவுப் பாத்திரம் ஒன்று பின்னாலிருந்து அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். அடித்த புளிப்பு நெடியில் மகள் வாசலுக்கே போய்விட்டாள். நான் போனது புதுச்சத்திரத்துக்கு, நாற்பது வருஷம் பின்னால்.

அப்போது சேலத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் வரைபடம் போடும் வேலை எனக்கு. முதலாளி சின்னராசு அண்ணன். புதுச்சத்திரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையிலிருந்து வேலை வந்தது. கிழங்கு கழுவிய கழிவுநீர் சேரும் சதுரத் தொட்டியில் சேறு அடியில் கெட்டியாகிவிடும். அதை அள்ள மாதம் ஒருமுறை காளியப்பன் என்பவர் உள்ளே இறங்குவார். போன முறை விஷவாயு தாக்கி உள்ளேயே மயங்கி விழுந்தவரைக் கயிறு கட்டித் தூக்கியிருந்தார்கள். சேற்றை அசைத்துக்கொண்டே இருக்க ஒரு கலக்கி இருந்தால் பம்பிலேயே இறைத்துவிடலாம். யாரும் இறங்க வேண்டாம்.

முதலில் சின்னதாகச் செய்து பார்ப்போம் என்றேன். பாலிடெக்னிக் படித்த திமிர், வேறென்ன. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டுக் கண்ணாடித் தொட்டி ஒட்டினேன். டேபிள் ஃபேன் மோட்டாரில் தகரத்தில் வெட்டிய இறக்கை.

"ஏனம்மிணி, சொப்பு வெச்சு வெளாடறதுக்கா சம்பளம் குடுக்கறேன்?" என்றார் அண்ணன். ஆனால் தகரம் வெட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

அசல் சேறு வேண்டுமென்று சொல்லியனுப்பினோம். காளியப்பனே ஒரு தூக்குப்போசியில் பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர் கேட்டதற்கு, "மோருங்க, கொஞ்சம் புளிச்சுப்போச்சு" என்றிருக்கிறார். மல்லூரில் இறக்கிவிட்டார்கள். மிச்ச தூரம் வைக்கோல் லாரியின் உச்சியில் வந்தார். முடியெல்லாம் வைக்கோல், போசியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

தொட்டியை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே வைத்து, அண்ணன் சவரம் செய்யும் கண்ணாடியைக் கீழே சாய்த்தேன். அடிப்பக்கம் அப்படியே தெரிந்தது. மோட்டாரைப் போட்டோம். நடுவில் தண்ணீர் ஜோராகச் சுழன்றது.

"சுத்துதல்ல, போதும். பெருசா செஞ்சுரலாம்" என்றார் அண்ணன். எனக்கும் பெருமைதான்.

காளியப்பன் மட்டும் குத்தவைத்துக் கீழ்க்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூலையில நிக்குதுங்க அம்மிணி" என்றார். நாலு மூலையிலும் சேறு அசையாமல் படுத்திருந்தது. அதில் ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த மூலையிலதாங்க நான் உழுந்தது."

அண்ணன் மோட்டாரை நிறுத்தினார்.

அடுத்த பத்து நாள் பட்டறையே நாறியது. பக்கத்து டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்து, வேடிக்கை பார்த்து, யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். இறக்கை மாட்டிய தண்டை நடுவிலிருந்து நகர்த்தினேன், சாய்த்தேன், இறக்கையை விரற்கடை கீழே இறக்கினேன். ஒவ்வொரு மூலையாகக் கரைந்தது. கடைசியாக அசைந்தது அவர் மூலைதான்.

சின்னதில் நடந்தது பெரிதில் நடக்குமா? பெரிய கலக்கியை ஆலைத் தொட்டியில் பொருத்திச் சுவிட்சைப் போட்டோம். முதலில் வெறும் குமிழிதான். பிறகு சாம்பல் நிறத்தில் சேறு கிளம்பியது. நெடியில் ஆலை முதலாளி உட்பட எல்லோரும் தலைதெறிக்க ஓடினார்கள். காளியப்பன் மூங்கில் கழி ஒன்றை எடுத்து, மேலே நின்றபடியே அந்த மூலையில் விட்டுக் குத்தினார். கழி அடித்தரையில் பட்டு டொக்கென்றது.

"சிமிட்டி தட்டுதுங்க" என்றார். அழுகிறாரா, நெடியில் கண் எரிகிறதா என்று தெரியவில்லை. எனக்கும் எரிந்தது.

அதன்பின் அவர் தொட்டியில் இறங்கவேயில்லை. அந்த சுவிட்சை வேறு யாரையும் தொடவும் விடவில்லையாம்.

போன வருஷம் அந்த வழியாகப் போனேன். ஆலை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. தொட்டியைத் தூர்த்து மேலே ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். ஓரத்து டீக்கடையில் டீ போட்ட பையனிடம் கேட்டேன்.

"தொட்டியா? இங்க அப்பிடி எதுவும் இருந்ததில்லீங்களே" என்றான்.

வருத்தப்பட வேண்டுமென்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வருத்தம் வரவில்லை. இனி யாரும் இறங்க வேண்டிய தொட்டி அங்கே இல்லை. இன்னொரு டீ சொன்னேன்.