இரண்டு பக்கமும் கண்ணன் பாதம்

பவானிபூரில் குடியிருந்த அனந்தலக்ஷ்மிக்குத் தன் கோலத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. கணவர் சிவராமகிருஷ்ணன் வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. அவரோடு 1908-ல் கல்கத்தா வந்தவள், எல்லோரும் 'திதி', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு க்ஷீரோதாவிடம் பெங்காலியையும் காந்தா தையலையும் சேர்த்தே கற்றுக்கொண்டாள். பழம் புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கிற போர்வைதான் காந்தா.

முதல் காந்தாவில் தாமரைக் கோலம் ஒன்றைத் தைத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். திதி தாமரையைப் பார்க்கவேயில்லை. நேரே புரட்டினாள். பின்பக்கம் முழுக்க முடிச்சு.

"முன்னாலே தாமரை, பின்னாலே குளத்துச் சேறா?" என்றாள்.

மத்தியானம் கூடித் தைக்கிற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அனந்தலக்ஷ்மியும் சிரித்து வைத்தாள். ஆனால் திதி வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்காமல் விடுவதில்லை என்று காளிகாட்டுக்குப் போய் அம்பாளிடமே சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்ததற்கு எட்டு மாதம் ஆயிற்று. முடிச்சுகளையெல்லாம் துணி அடுக்குக்குள் ஒளித்தாள். தையலுக்குத் தையல் புரட்டிப் பார்த்தாள். கோகுலாஷ்டமிக்கு மாவால் போடுகிற சின்னச் சின்னக் கண்ணன் பாதங்களைத்தான் போர்வை நெடுகத் தைத்திருந்தாள்.

திதி புரட்டினாள். மறுபடி புரட்டினாள். "இதில் முன்பக்கம் எது?"

"எனக்கே தெரியலை, திதி."

"ம்" என்றாள் திதி. அவ்வளவுதான்.

சாயங்காலம் சிவராமகிருஷ்ணன் ஜலதோஷத்தோடு வந்தார். தை மாதக் குளிர். புதுப் போர்வையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஏண்டி, பாதம் மேலே மட்டும் இருந்தா சரி. அடியிலேயும் இருக்கே. பகவான் பாதத்தில் என் கால் படலாமோ?"

"எனக்குத் தோணவே இல்லையேன்னா."

"எட்டு மாசம் புரட்டிப் புரட்டிப் பார்த்தியே!"

மறுநாள் இதைக் கேட்ட திதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு உள்ளே போய், மகள் பெற்ற பத்து நாள் பிள்ளையைத் தூக்கி வந்தாள்.

"இவன் கால் பட்டால் கண்ணன் கோபிச்சுக்க மாட்டான். அதை எனக்குக் கொடுத்துடு, அனந்தா."

யாரிடமும் ஒரு காந்தா கேட்டு வாங்கியவள் இல்லை திதி. அனந்தலக்ஷ்மி ஓடிப்போய் எடுத்து வந்தாள். பிள்ளை இரண்டு காலாலும் அதை உதைத்தான்.

சிவராமகிருஷ்ணனுக்குப் பழைய தாமரைக் காந்தாதான் வாய்த்தது. அதில் எது முன்பக்கம் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. போர்த்திக்கொண்டதும் முடிச்சே சொல்லிவிடும்.